அடுப்பும் கூடவே நடந்தது

அந்தக் காலத்தில் காட்டையும் பாலையையும் பனிவெளியையும் நடந்தே கடந்தவர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே படம்தான் மனத்தில் வரும். தாடி வளர்த்த ஒருவர், முதுகில் மூட்டை, கையில் கோல், எதிரே மனித வாடையே இல்லாத பெருவெளி. அவர் பசியை வெல்கிறார், குளிரை வெல்கிறார், கடைசியில் ஒரு கடலையோ ஓர் ஆற்றின் மூலத்தையோ கண்டுபிடித்துக் கொடி நடுகிறார். பயண நூல்கள் நூற்றாண்டுகளாக இதைத்தான் சொல்லிவந்தன. கத்தி ஒன்றைக் கொடுத்துக் காட்டில் இறக்கிவிடப்படும் தொலைக்காட்சி நாயகர்கள் இன்றைக்கும் இதையேதான் நடித்துக் காட்டுகிறார்கள். அந்தக் கால மனிதர்களுக்கு இரும்பு உடம்பு, நாம்தான் சோடை போய்விட்டோம் என்ற பெருமூச்சும் கூடவே எழும்.

இந்தக் கதையில் நம்பத்தக்கது, யாரோ நடந்தார்கள் என்பது மட்டும்தான். வெளி வெறுமையாக இருந்தது என்பதும், நடந்தவர் தனியாள் என்பதும், அவரைக் கரைசேர்த்தது மன உறுதி என்பதும் பின்னால் ஒட்டவைக்கப்பட்டவை. இதை மறுக்க வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை. நடந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளே போதும். அவற்றை உட்கார்ந்து படித்தால் யார் தைத்தார்கள், யார் சமைத்தார்கள், யார் சுமந்தார்கள் என்பவைதான் சாவையும் பிழைப்பையும் தீர்மானித்தன என்பது தெரியும்.

சாமுவேல் ஹெர்னை எடுத்துக்கொள்ளலாம். ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில், இன்றைய சர்ச்சில் ஊருக்கு அருகே இருந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டையில், உரோமத் தோல் வாணிபம் செய்த ஹட்சன் விரிகுடா கம்பெனியின் ஊழியர் அவர். 1769இல் வயது இருபத்து நான்கு. அதற்கு முன் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். வடமேற்கே எங்கோ ஓர் ஆற்றங்கரையில் செம்பு கொட்டிக்கிடக்கிறது என்று டெனே பழங்குடி வணிகர்கள் கொண்டுவந்த செய்தி கம்பெனிக்கு ஆசை காட்டியது. போய்ப் பார்த்துவரும் வேலை ஹெர்ன் தலையில் விழுந்தது. கனடாவின் வட சமவெளியை நடந்து கடந்து, தரைவழியாக ஆர்க்டிக் கடலை எட்டிய முதல் ஐரோப்பியர் என்று அவரைப் புத்தகங்கள் கொண்டாடுகின்றன. தனி நடை வீரத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது அரிது. அதனால்தான் அவரிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

முதல் முறை 1769 நவம்பரில் கிளம்பினார். சில வாரங்களில் வழிகாட்டிகள் பாதியில் கைவிட்டுப் போனார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. டிசம்பரில் கோட்டைக்குத் திரும்பினார். 1770 பிப்ரவரியில் மறுபடியும் கிளம்பினார். கோடை வந்ததும் சறுக்குவண்டி உதவவில்லை. சுமார் 27 கிலோ பாரத்தைத் தம் முதுகிலேயே தூக்கி நடந்தார். பல நாள் பட்டினி. கிரான்பெர்ரிப் பழம், பழைய தோல் துண்டு, எரிந்த எலும்பு என்று கிடைத்ததைத் தின்றார். ஆகஸ்டில் அட்சரேகை அளக்கும் குவாட்ரண்ட் கருவி காற்றில் சாய்ந்து உடைந்தது. வழியில் வந்தவர்கள் மிச்சம் மீதியையும் பறித்துக்கொண்டார்கள். மன உறுதியில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. இருந்தும் இரண்டு முறையும் தோல்விதான்.

இந்த இடத்தில் ஒரு சிறிய விவரம் கவனிக்கத்தக்கது. குளிர்காலத்துக்கு உடை தைக்கத் தேவையான கரிபூ மான் தோல்கள் ஹெர்னிடம் இருந்தன. அவற்றைச் சுரண்டிப் பதப்படுத்தி உடையாக்கத்தான் ஆளில்லை. தோல்களை வாரக்கணக்கில் சுமந்து நடந்தார், கடைசியில் அவை கெட்டு வீணாயின. தோல் கையிலேயே இருக்க, குளிரில் நடுங்கிக்கொண்டு நடந்திருக்கிறார் மனிதர். அவருக்கென்று அமைத்த குழுவில் பெண்கள் வேண்டாம் என்பது கோட்டைத் தலைவர் மோசஸ் நார்ட்டனின் விருப்பம்.

செப்டம்பரில், திரும்பும் வழியில், மட்டோனபி எதிர்ப்பட்டார். டெனே தலைவர்களில் ஒருவர். கோட்டையில் பிறந்தவர், கிரீ மொழியும் ஓரளவு ஆங்கிலமும் தெரிந்தவர், அந்த நிலப்பரப்பில் பல குலங்களோடு வாணிப உறவு வைத்திருந்தவர். ஹெர்னுக்கு நீர்நாய்த் தோல் உடை கொடுத்து, பனிக்காலணி செய்ய மரம் எங்கே கிடைக்கும் என்று சொல்லி, பிறகு ஏன் தோற்றீர்கள் என்பதையும் விளக்கினார். வழிகாட்டிகள் சரியில்லைதான், ஆனால் திட்டமே தப்பு என்பது அவர் கணிப்பு. ஆண்கள் எல்லோரும் பாரம் தூக்கினால் வேட்டையாடுவது யார்? வேட்டை வாய்த்தாலும் இறைச்சியைச் சுமப்பது யார்? கூடாரம் அடிப்பதும், துணி தைப்பதும், கிழிந்ததை ஒட்டுவதும், இரவில் சூடு காப்பதும் பெண்கள். அவர்கள் இல்லாமல் இந்த நாட்டில் நெடுந்தூரம் போகவே முடியாது என்றார். அவருக்கு அப்போது ஏழு மனைவியர்.

மட்டோனபி பெண்களை மதித்துப் பேசினார் என்று யாரும் இதைப் படித்துவிடக் கூடாது. அவர் பேசியது கணக்கு. அந்தக் கணக்கை ஹெர்னே எண்களாகவும் தருகிறார். ஒரு ஆளுக்கு முழுக் குளிர்கால உடை தைக்க எட்டு முதல் பத்து மான்களின் தோல் வேண்டும். அதுவும் ஆகஸ்ட், செப்டம்பர் தொடக்கத்தில் கொன்ற மானின் தோலாக இருக்க வேண்டும். முன்னதாகக் கொன்றால் தோலுக்குள் வளர்ந்த ஈப்புழுக்கள் போட்ட துளைகள் இருக்கும், பின்னதாகக் கொன்றால் மயிர் நீண்டு தடித்துவிடும். மற்றத் தேவைகளையும் சேர்த்தால் ஓர் ஆள் ஆண்டுக்கு இருபது தோலுக்கு மேல் செலவழிக்கிறார். கூடாரத் தோல் தனிக் கணக்கு. ஒவ்வொரு தோலையும் சுரண்ட வேண்டும், மூளைச் சாந்து தேய்த்துப் பதப்படுத்த வேண்டும், தசைநாரை நூலாக்கித் தைக்க வேண்டும். பனிக்காலணியின் சட்டத்தை ஆண் வளைத்தால் அதற்குள் தோல்வார் வலை பின்னுவது பெண். காலில் போடும் மென்தோல் காலணி ஈரத்திலும் கல்லிலும் சீக்கிரமே தேய்ந்துவிடும், திரும்பத் திரும்பத் தைக்க வேண்டும். மானைத் துரத்திப் பகல் முழுதும் ஓடியவன் இரவில் இதையும் செய்வான் என்று நினைப்பவர்கள் தைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் பயணம் 1770 டிசம்பர் 7இல் கிளம்பி, 1772 ஜூன் 30இல் முடிந்தது. பத்தொன்பது மாதத்துக்குச் சற்றுக் குறைவு. இந்த முறை திட்டம் மட்டோனபியுடையது. செம்பு ஆறு வடமேற்கே இருக்கிறதென்று வடமேற்கே நேராகப் போகவில்லை. குளிர்காலம் முழுக்க மர எல்லையை ஒட்டி மேற்கே மேற்கே நகர்ந்தார்கள். விறகும் மானும் அங்கேதான் இருந்தன. வசந்தத்தில் ஓர் ஏரியருகே தங்கிப் பிர்ச் மரத்தில் நீண்ட கழிகள் வெட்டினார்கள். மரமே முளைக்காத வடவெளியில் கோடை முழுவதும் அவை கூடாரக் கால்கள். குளிர் திரும்பியதும் அதே கழிகளை வளைத்துப் பனிக்காலணிச் சட்டமாக்கினார்கள். மே மாதத்தில் குளோவி என்ற இடத்தில் தோணி கட்ட நின்றபோது, பல திக்குகளிலிருந்தும் இருநூறு பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். மனித வாடையே இல்லாத பெருவெளி என்று நாம் படித்தது இந்த இடத்தைத்தான்!

ஹெர்ன் துணிச்சலானவர் அல்ல என்று இங்கே யாரும் சொல்லவில்லை. காப்பர்மைன் ஆற்றிலிருந்து திரும்பும்போது கால்நகங்கள் உதிர்ந்து, அடிக்கு அடி ரத்தம் பதிய நடந்தவர் அவர். கேள்வி வேறு: அந்தத் துணிச்சல் என்ன சாதித்தது? அந்தப் பயணத்தில் அவர் ஒருவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது, இடத்தை அளப்பது. ஆற்றின் முகத்துவாரத்தை அவர் 71 பாகைக்கு மேல் குறித்தார். உண்மையில் அது 68 பாகையைக்கூடத் தொடவில்லை. ஏறத்தாழ 4 பாகைப் பிழை, அதாவது நானூறு கிலோமீட்டருக்கு மேல். தேடிப் போன செம்பில், சுரங்கம் என்று சொல்லப்பட்ட இடத்தில் பல பேர் மணிக்கணக்கில் துழாவியும் உருப்படியாகக் கிடைத்தது இரண்டு கிலோவுக்கும் குறைந்த ஒரே கட்டி. நாயகனின் பங்கு இப்படி முடிந்தது. உணவு, உடை, கூடாரம், வழி என்று மற்றவர்கள் பொறுப்பில் இருந்த அத்தனையும் பிசகாமல் நடந்தன. அதனால்தான் நாயகன் உயிரோடு திரும்பினார்.

இதைச் சொன்னவுடன் இன்னொரு கூட்டம் எழுந்து நிற்கும். சரி, அப்படியானால் உண்மையான நாயகன் மட்டோனபி, அவருக்குச் சிலை வைப்போம் என்பார்கள். பழைய படத்தில் முகத்தை மட்டும் மாற்றி ஒட்டும் வேலை இது. அந்தக் குடும்பப் பயணம் அதன் உள்ளே இருந்தவர்களுக்கு எப்படி இருந்தது என்பதையும் ஹெர்ன் மறைக்கவில்லை. 1771 வசந்தத்தில் குழுவில் ஒரு பெண்ணுக்கு ஏறக்குறைய ஐம்பத்திரண்டு மணி நேரம் பிரசவ வலி. குழந்தை பிறந்த கையோடு புறப்பாட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, முழங்கால் ஆழம் ஈரப்பனியிலும் நீரிலும் அவள் நடந்தாள். அவளுடைய சறுக்குவண்டியை இன்னொருவர் இழுத்தது ஒரே ஒரு நாளைக்கு. காசநோய் கண்ட வேறொரு பெண்ணைக் கைவிட்டுப் போனார்கள். அவள் மூன்று முறை தடுமாறித் தடுமாறிக் கூட்டத்தை எட்டிப் பிடித்தாள், பிறகு பின்தங்கிவிட்டாள். ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே அருவியோரம், 1771 ஜூலையில் ஓர் இரவு, தூங்கிக்கொண்டிருந்த இனுயிட் குடும்பங்களை மட்டோனபியின் ஆட்கள் கொன்றார்கள். இருபது பேருக்கு மேல். பிளடி ஃபால்ஸ் என்ற பெயர் அதனால் நிலைத்தது. ஹெர்ன் இறந்த பிறகு, 1795இல் வெளிவந்த நூலில் அந்தக் காட்சியைப் பிறர் கை எவ்வளவு மெருகேற்றியது என்று ஆய்வாளர்கள் வாதாடுகிறார்கள். அந்தக் கடைசிக் கட்டத்துக்குப் பெரும்பாலான பெண்களையும் பிள்ளைகளையும் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தனியாள் பிழைத்ததே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஹெர்னின் குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தனியாளைத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. 1772 ஜனவரியில், திரும்பும் வழியில், பனியில் அறிமுகமில்லாத காலணித் தடம் ஒன்று தெரிந்தது. பின்தொடர்ந்து போனவர்கள் ஒரு சிறு குடிசையையும் அதில் ஓர் இளம் பெண்ணையும் கண்டார்கள். டாக்ரிப் இனத்தவள். 1770 கோடையில் கிரீ ஆட்கள் அவளைச் சிறைபிடித்தார்கள். கைக்குழந்தையை அவர்களுடைய பெண்கள் கொன்றார்கள். அடுத்த கோடையில் தப்பி ஓடியவள், ஏரிகளும் ஆறுகளும் பின்னிக் கிடந்த நாட்டில் தன் ஊருக்கு வழி பிடிபடாமல், ஓரிடத்தில் நின்று குடில் போட்டுக்கொண்டாள். ஏழு மாதமாக மனித முகத்தையே பார்க்கவில்லை. கையில் இருந்த இரும்பு இரண்டே துண்டு: கத்தியாகத் தீட்டிய, ஐந்தாறு அங்குல நீளப் பீப்பாய் வளையத் துண்டு ஒன்று, குத்தூசியாகப் பயன்பட்ட அம்புமுனைத் தண்டு ஒன்று. கொண்டுவந்த மான்நரம்பு தீர்ந்ததும் முயல் கால்களின் நரம்பை உருவி முறுக்கிக் கண்ணி வைத்தாள். இரண்டு கற்களை உரசித் தீ மூட்டினாள். அந்தத் தீயைக் குளிர்காலம் முழுக்க அணையவிடாமல் காத்தாள். முயல்தோலில் உடை தைத்தாள். வெறும் உடையல்ல, அலங்கார வேலைப்பாட்டோடு. ஓய்ந்த நேரத்தில் வில்லோ மரத்தின் உள்பட்டையைத் திரித்து, வசந்தத்தில் மீன்வலை பின்ன நூல் சேர்த்துக்கொண்டிருந்தாள். உடம்பும் நன்றாகத்தான் இருந்தது.

அவள் கரைந்து போகாமல் நின்றது எதனால்? கொடி நடும் வெறியால் அல்ல, குடில் போட்ட பிறகு அவள் எங்கும் நடக்கவே இல்லை. வீர சாகசப் பட்டியலில் சேர்க்கத் தகுதியற்றதென்று நாம் ஒதுக்கிய தையலும் திரிப்பும் கண்ணியும் தீ காப்பும்தான் அவளைக் காப்பாற்றின. கண்டுபிடித்த அன்று மாலையே அவளை மனைவியாக்கிக்கொள்ள ஆண்கள் பத்துப் பேர் அளவில் மல்யுத்தம் செய்தார்கள். பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

ஹெர்ன் காலத்து அனுபவத்தை அடுத்து வந்தவர்கள் படித்துத் திருந்தினார்களா? அதே காப்பர்மைன் ஆற்றுக்கு 1819இல் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளினைப் பிரிட்டன் அனுப்பியது. ஆற்றில் இறங்கிக் கடற்கரையை வரைபடமாக்க வேண்டும். யெல்லோநைஃப் டெனே தலைவர் அகைட்சோவும் அவருடைய வேட்டைக்காரர்களும் சோறு போட்டார்கள். 1820 ஆகஸ்டில், பருவம் தப்பிய நேரத்தில் கடலுக்குக் கிளம்ப ஃபிராங்க்ளின் துடித்தபோது, அது சாவைத் தேடிப் போவது என்று தடுத்தவர் அகைட்சோ. உடையும் காலணியும் தைப்பதற்கென்று படகோட்டிகளின் மனைவியர் சிலர் குளிர்கால முகாமான ஃபோர்ட் எண்டர்பிரைஸில் இருந்தார்கள். முகாம் வரை அந்தப் பழைய ஏற்பாடு ஓடியது. 1821 கோடையில் கடற்கரைக்கு இறங்கிய இருபது பேரும் ஆண்கள். ஐந்து பிரிட்டிஷார், இரண்டு இனுயிட் மொழிபெயர்ப்பாளர்கள், மற்றவர்கள் சுமையும் துடுப்பும் தூக்கிய கனடா ஆட்கள்.

ஆகஸ்ட் நடுவில் திரும்பியிருக்க வேண்டும். வரைபடத்தில் இன்னும் கொஞ்சம் கரை சேரட்டும் என்று போனார்கள். திரும்பும்போது மான் கூட்டம் தெற்கே போய்விட்டிருந்தது. பாறையில் படர்ந்த லைக்கனைச் சுரண்டித் தின்றார்கள், பிறகு பழைய காலணித் தோலை. அக்டோபரில் ஃபோர்ட் எண்டர்பிரைஸை எட்டியபோது அங்கே ஒரு துண்டு இறைச்சி இல்லை. அகைட்சோவின் வேட்டைக்காரர்கள் சிலர் மூழ்கி இறந்த துக்கமும், வெடிமருந்துத் தட்டுப்பாடும், இரண்டு உரோமக் கம்பெனிகளின் போட்டியில் வாக்களித்த பொருள் வந்து சேராததும் காரணங்கள். இருபதில் பதினொருவர் மாண்டார்கள். கொலையும் நடந்தது, மனித இறைச்சி உண்டதாகச் சந்தேகமும் எழுந்தது. இறந்தவர்களைப் பிரித்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஐந்து பிரிட்டிஷாரில் இறந்தவர் ஒருவர். சுமை தூக்கியவர்களில் ஒன்பது பேர். மன உறுதிதான் பிழைக்க வைத்தது என்று எழுதிய கனவான்கள் யாருடைய முதுகில் எத்தனை பவுண்டு இருந்தது என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நவம்பர் 7ஆம் தேதி அகைட்சோ அனுப்பிய ஆட்கள் இறைச்சியோடு வந்தார்கள். எஞ்சியவர்களுக்குக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினார்கள். தங்கள் பனிக்காலணியைக் கழற்றி அவர்களுக்கு மாட்டிவிட்டு, தாங்கள் வெறும் பனியில் நடந்தார்கள். ஃபிராங்க்ளினே நன்றியோடு இதைப் பதிவு செய்திருக்கிறார். இருந்தும் லண்டனில் அவருக்குக் கிடைத்த பட்டம், பூட்ஸைத் தின்ற மனிதர். அதாவது பாராட்டு பட்டினிக்கு. பட்டினி வராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குப் பட்டம் எதுவும் இல்லை.

இது வெறும் துரதிர்ஷ்டம், வானிலை என்று சொல்பவர்கள் 1848ஐப் பார்க்க வேண்டும். அதே ஃபிராங்க்ளின் தலைமையில் 1845இல் இரண்டு கப்பல்களில் போன 129 பேரும் மீளவில்லை. பனியில் சிக்கிய கப்பல்களைக் கைவிட்டு, மிஞ்சிய 105 பேர் கிங் வில்லியம் தீவின் கரையோரமாகத் தெற்கே நடக்கத் தொடங்கினார்கள். 1859இல் தேடிப் போன மெக்கிளின்டாக் குழு அவர்கள் இழுத்துப்போன ஒரு படகைக் கண்டது. சறுக்குவண்டிமேல் ஏற்றிய கனத்த படகு. அதற்குள் இரண்டு எலும்புக்கூடுகளும், வெள்ளிக் கரண்டிகளும், பட்டுக் கைக்குட்டைகளும், சோப்பும், பல்துலக்கிகளும், புத்தகங்களும். அதே நிலத்தில் இனுயிட் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்தன. இனுயிட் மக்களிடம் பேசி, மாலுமிகள் பசியில் ஒருவரையொருவர் தின்றதாக அவர்கள் சொன்னதை 1854இல் கொண்டுவந்தவர் ஜான் ரே. பனிவீடு கட்டவும் நிலத்தில் கிடைப்பதைத் தின்று நடக்கவும் பழங்குடிகளிடம் பாடம் கேட்டவர். லண்டன் அவரை நம்பவில்லை. காட்டுமிராண்டிகள் சொல்வதை நம்புவதா என்ற தொனியில் சார்லஸ் டிக்கன்ஸ் தம் பத்திரிகையில் வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். 1990களில் எலும்புகளை ஆராய்ந்தபோது வெட்டுத் தடங்கள் இருந்தன. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

வடதுருவப் பகுதி விதிவிலக்கு, வேறெங்கும் இப்படியில்லை என்று ஒதுங்கவும் வழியில்லை. ஆப்பிரிக்காவைத் தனி ஆளாக நடந்து அளந்தவராகப் போற்றப்படும் லிவிங்ஸ்டன் 1873இல் இன்றைய ஜாம்பியாவில் இறந்தார். உடலை உலர்த்திக் கட்டி, மாதக்கணக்கில் நடந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் சூசி, சூமா முதலான அவருடைய ஆட்கள். அந்தக் கூட்டத்தில் ஹலிமா என்ற சமையற்காரியும் உண்டு. லிவிங்ஸ்டன் உயிரோடு இருந்தவரை அவருக்குச் சமைத்துப் போட்டவள் அவள்தான்.

மிஞ்சியிருப்பது ஓர் ஆட்சேபம், அது வலுவானதும்கூட. 1782இல் லா பெரூஸ் தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பல்களிடம் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கோட்டையை ஹெர்ன் சண்டையின்றி ஒப்படைத்தார். கோட்டை வாணிபத்தோடு பிணைந்து வாழ்ந்த மட்டோனபி தற்கொலை செய்துகொண்டார். அந்தக் குளிர்காலத்திலேயே அவருடைய மனைவியரில் ஆறு பேரும் குழந்தைகள் நால்வரும் பட்டினியால் இறந்தார்கள் என்று ஹெர்ன் எழுதுகிறார். பார்த்தீர்களா, அந்தப் பெண்களால் ஓர் ஆண் இல்லாமல் பிழைக்க முடியவில்லையே என்று கேட்கலாம். முந்தைய ஆண்டு பெரியம்மை அந்த நாடெங்கும் பரவியிருந்தது. பத்தில் ஒன்பது பேரைக் கொன்றது என்பது ஹெர்னின் மதிப்பீடு. அது மிகை என்று பின்வந்தவர்கள் வாதிட்டாலும் அழிவு பெரிது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. மான் விழுந்தால் பங்கு கொடுக்கும் மைத்துனனும், கூடாரத்தில் இடம் கொடுக்கும் தங்கையும் செத்துப்போயிருந்தார்கள், கோட்டையில் வெடிமருந்தும் இல்லை. ஆறு பெண்களுக்குத் தைக்கத் தெரியும், கண்ணி வைக்கத் தெரியும்; கூடவே நான்கு குழந்தைகள். வேட்டைக்கு ஆள் இல்லை. மட்டோனபி 1770இல் ஹெர்னுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு, பெண்களின் வேலையைக் கழித்தாலும் பொய்க்கும், ஆணின் வேலையைக் கழித்தாலும் பொய்க்கும். தனியாள் ஒருவரின் நெஞ்சுரம் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வரவில்லை.